நீலத்தில் பத்துக் கல் குறைவு

டைல்ஸ் கல் ஒட்டும் பேஸ்ட் கலந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவள் இன்னும் முதல் கல்லை வைக்கவில்லை. இடது கையில் வெள்ளைக் கல், வலது கையில் பல் வைத்த கரண்டி. மூலையில் குந்தியபடி, இரண்டு சுவர்களும் கூடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் கல் வெட்டும் மெஷினுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஒரு தடவை செருமினார். பிறகு, வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோதும், மெஷினை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார். எதற்கும் அவள் திரும்பவில்லை. வாளியில் பேஸ்டின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது. கலந்த பேஸ்ட் முக்கால் மணி நேரம்தான் தாங்கும். அதற்கப்புறம் அதை வைத்துச் சுவரில் ஓட்டை அடைக்கலாம், கல் ஒட்ட முடியாது. இது அவளுக்குத் தெரியாததும் இல்லை.

அந்தக் கட்டடத்தில் அவரைப் புலி மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குப் புலி என்பதன் சுருக்கம். பெயர் வைத்தவர் பெயிண்டர். வைத்தது கிண்டலாகத்தான் என்றாலும், புலி அதைப் பட்டமாகவே வாங்கி மாட்டிக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்தத் தொண்ணூற்றாறைக் கேள்விப்படாத ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர் இருந்தால் அவருக்குக் காது கேட்காது என்று அர்த்தம். ஒரு அறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனை கல், இத்தனை பெட்டி, இத்தனை வெட்டு என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து பார்த்தால் ஒரு பெட்டிக்கு மேல் மிஞ்சியிருக்காது. இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது. போன வருஷம் முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிரித்துவிட்டன. தரை போடுகிறவர்களுக்கு முதலில் போவது அதுதான். இனிமேல் குந்தவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்று வீட்டுப் படியில் கால் வைக்கும்போது அவள்தான், "நாளைக்கு நான் வெக்கிறேன். நீங்க உக்காந்து வெட்டிக் குடுங்க" என்றாள். பத்து வருஷமாக அவருக்குப் பேஸ்ட் கலந்து, பெட்டி சுமந்து, கல் எடுத்துக் கொடுத்த சித்தாள் அவள். பத்து வருஷமாக அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்பது அவள் கல் வைத்த முதல் நாளே தெரிந்துபோயிற்று. "கணக்கு என்னோடது, கை உன்னோடது" என்று அவர் ஓர் ஏற்பாட்டைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார். சைட் பதிவேட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. மேஸ்திரி என்ற கட்டத்தில் அவர் பெயர், சித்தாள் என்ற கட்டத்தில் அவள் பெயர்.

இந்த வேலை மற்ற வேலைகளைப் போல இல்லை. பெரிய நூலகம், மூன்று மாடி. கீழே சிறுவர்களுக்கான வாசிப்பறை. எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர், சுத்தமான சதுரம். இருபது சென்டிமீட்டர் கல் இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது. ஒரு வெட்டுக்கூடத் தேவையில்லை. வரைபடம் போட்டவர் அதில் ஒரு வேடிக்கை செய்திருந்தார். உள்மூலையில் ஒரே ஒரு வெள்ளைக் கல். அதை இரண்டு பக்கமும் அணைத்தபடி மடங்கி நிற்கும் மூன்று நீலக் கல். அதை அணைத்தபடி ஒரு வெள்ளைப் பட்டை, பிறகு நீலப் பட்டை என்று மூலையிலிருந்து வாசல்வரை மடங்கி மடங்கி விரிந்துகொண்டே வரும். புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் அந்தப் பட்டைக்கு 'முழங்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள், மடித்த கை மாதிரி இருந்ததால். முதல் ஒற்றைக் கல்லையும் சேர்த்து மொத்தம் நாற்பது முழங்கை. நீலக் கல்தான் சிக்கல். அந்த நிறத்தைத் தொழிற்சாலை நிறுத்தி ஆறு மாதமாகிவிட்டது. கடைக்காரர் கிடங்கைத் துழாவிப் பார்த்து, எண்ணூற்றுப் பத்துக் கல் இருக்கிறது, அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்றார். போதுமா என்று சைட் இன்ஜினியர் கேட்டபோது புலி கண்ணை மூடித் திறந்தார். "ஆயிரத்தி அறநூறுல பாதி எண்ணூறு சார். மிச்சம் பத்து இருக்கு. என் வேலையில பத்து கல்லெல்லாம் உடையாது" என்றார். வெள்ளை எளிதாகக் கிடைக்கும் சரக்கு என்பதால் எண்ணூற்றைம்பதாக வாங்கிவிட்டார்கள்.

இன்ஜினியர் அதிகம் பேசாதவர். ஹெல்மெட்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அளவு பிசகியதற்காக ஜன்னல் போட வந்த ஆளை ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியவர். வாசிப்பறையைப் புலியிடம் கொடுத்தபோது சொன்னதும் நாலே வரிதான். "இத முடிங்க மேஸ்திரி. சுத்தமா வந்தா மேல ரெண்டு மாடியும் உங்களுக்குத்தான். ஒரு கல் கணக்கு தப்பினாலும் வேற ஆள் பாத்துக்குவேன். கோச்சுக்கக் கூடாது." மேல் இரண்டு மாடி என்றால் எட்டு மாத வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு மேஸ்திரிக்கும், பதிவேட்டில் சித்தாளாக இருக்கும் ஒருத்திக்கும் எட்டு மாத வேலையை இன்னொரு கட்டடத்தில் யாரும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அது இருவருக்குமே தெரியும்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள் அவள், திரும்பாமலேயே.

"அங்கேருந்தே சொல்லு."

"நீலம் போதாது. பத்து கல் குறையும்."

புலி சிரித்தார். குழந்தை ஏதோ உளறியதற்குச் சிரிப்பதுபோல, கொஞ்சம் செல்லமாகவே சிரித்தார். "நாப்பத நாப்பதால பெருக்கினா?"

"ஆயிரத்தி அறநூறு."

"அதுல பாதி?"

"பாதி இல்லங்க."

"பாதி இல்லாம? ஒண்ணு வெள்ள, ஒண்ணு நீலம், மாத்தி மாத்திதான வருது? இருபது முழங்கை வெள்ள, இருபது முழங்கை நீலம். இதுல பாதி இல்லாம முக்காலா வரும்?"

"முழங்கை இருபது இருபதுதான். கல்லு அப்படி இல்ல."

மேல்சுவரில் ஏணி போட்டு நின்றிருந்த பெயிண்டரின் உருளை நின்றுவிட்டது. சண்டை வாசம் அடித்தால் அவர் கை தானாக நின்றுவிடும். அது புலியின் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால் அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. "நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கினவன் நான். எட்டாவதோட நின்னவ எனக்குக் கணக்குச் சொல்லித் தராத. பேஸ்ட் இறுகுது, கல்ல வை."

அவள் கல்லை வைத்தாள். மூலையில் இல்லை, பெட்டிக்கு மேல். கரண்டியை வாளி விளிம்பில் துடைத்துவிட்டு எழுந்தாள். அவள் அழுதிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார், திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். இரண்டும் இல்லாமல் ஒரு பெட்டி வெள்ளையையும் ஒரு பெட்டி நீலத்தையும் இழுத்துக்கொண்டு அறையின் நடுப்பக்கம் போனாள். சுவர் மூலைக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு இழுத்தாள். ஒட்டாமல், சும்மா, வெறும் தரையில் கற்களை அடுக்கத் தொடங்கினாள். முந்தின நாள் மதியம், முழங்கால் பயிற்சிக்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, அவள் தனியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நிறம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து கல் தூக்கி வருவதும் அவள், வைப்பதும் அவள். ஒவ்வொரு முழங்கைக்கும் போன தடவையைவிட இரண்டு கல் கூடுதலாகத் தூக்கி வர வேண்டியிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அவள் இடுப்புதான்.

புலி ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எங்கே யார் கல் அடுக்கினாலும் அவர் உதடு தானாக எண்ணும். வெள்ளை ஒன்று. நீலம் மூன்று, ஆக மொத்தம் நாலு. வெள்ளை ஐந்து, மொத்தம் ஒன்பது. நீலம் ஏழு, மொத்தம் பதினாறு. அந்த இடத்தில் அவர் உதடு நின்றது. ஒன்று, நாலு, ஒன்பது, பதினாறு. அவள் ஒன்பது வெள்ளையை வைத்து முடித்தாள். இருபத்தைந்து. பதினொரு நீலம். முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று மூச்சு விடாமல் அவர் ஒப்பித்த வரிசை அது. ஒப்பித்ததற்காக ஒரு பென்சில் பரிசு கூட வாங்கியிருக்கிறார். அந்த எண்கள் இப்போது சிமெண்ட் தரையில், ஒன்றுக்குள் ஒன்றாக, வெள்ளையும் நீலமுமாக உட்கார்ந்திருந்தன.

தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். அவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினாள். கோபம் இருந்தாலும் அதை மட்டும் மறக்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

"இது வர்க்க எண்" என்றார். குரலில் பழைய அதட்டல் பாதிதான் இருந்தது. "ஒண்ணு, நாலு, ஒம்பது, பதினாறு. எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன்."

"படிச்சீங்க. பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து என்பது அவருக்கு எப்போதும் வாயில் இருந்த சமாச்சாரம். அந்த இருபத்தைந்துக்கு மேல் பதினொன்றைப் போர்த்தினால் முப்பத்தாறாக நிற்கும் என்பதும், எத்தனை போர்த்தினாலும் அது கோணாமல் சதுரமாகவே நிற்கும் என்பதும், போர்த்துகிற ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சரியாக இரண்டு கல்தான் பெரியது என்பதும் அவருக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் சதுரக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவர், இதைப் பார்க்காமலே இருந்துவிட்டார். அவர் போட்ட தரைகளெல்லாம் கட்டம் கட்டமாக, ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறும் தரைகள். அதில் இரட்டைப்படை அறையாக இருந்தால் எப்போதுமே பாதிக்குப் பாதிதான். அந்தப் பழக்கம்தான் இந்தத் தரையிலும் கண்ணை மூடிக்கொண்டு பாதி போட்டுவிட்டது.

"இப்பப் பாருங்க" என்று அவள் குனிந்தாள். மூலையில் இருந்த ஒற்றை வெள்ளைக் கல்லை எடுத்து, அடுத்திருந்த மூன்று நீலத்தில், மடிப்பின் முனையில் இருந்த கல்லின் மேல் வைத்தாள். நீலத்தில் இரண்டு கல் மூடப்படாமல் மிஞ்சியது. ஐந்து வெள்ளையையும் எடுத்து, அப்படியே சாய்வாக ஒரு படி வெளியே தள்ளி, ஏழு நீலத்தின் மேல் அடுக்கினாள். ஐந்து கல் மூடின. இரண்டு நீலம் மிஞ்சியது. ஒன்பதை எடுத்துப் பதினொன்றின் மேல் வைத்தாள். அதிலும் இரண்டு. மிஞ்சியவையெல்லாம் அவள் கோடு இழுத்திருந்த இரண்டு பக்கமும் ஒட்டி நின்றன. இந்தக் கோட்டோரம் மூன்று நீலம், அந்தக் கோட்டோரம் மூன்று நீலம். நடுவில் ஒரு நீலக் கல்கூடக் கண்ணில் படவில்லை.

"செவுத்தோரமா நிக்கிறது மட்டுந்தாங்க கூடுதல். இங்க ஆறு முழங்கை, ஆறு கல் கூட. நாப்பது முழங்கைன்னா இந்தச் செவுத்துல இருபது, அந்தச் செவுத்துல இருபது." அவள் விரலால் இரண்டு சுவர்களையும் காட்டினாள். "வெள்ளைய விட நீலம் நாப்பது கல் கூட வேணும். வெள்ள எழுநூத்தி எம்பது, நீலம் எண்ணூத்தி இருபது."

புலி கண்ணை மூடித் திறந்தார். இந்தத் தடவை திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. எழுநூற்றெண்பதும் எண்ணூற்றிருபதும் ஆயிரத்து அறுநூறு. வித்தியாசம் நாற்பது. ஓட்டையே இல்லை. கடைசி முழங்கையில், வாசலுக்கு நேராக, உள்ளே வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிற இடத்தில், பத்துக் கல் அளவுக்குப் பொக்கையாக நிற்கப் போகிற தரை அவர் கண் முன்னால் வந்தது. அதோடு இன்னொன்றும் உள்ளே கிளம்பிற்று. என்னவென்று முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. தன் கணக்கு பொய்த்துப்போன அவமானத்துக்கு நடுவே அது வர வேண்டிய நியாயமே இல்லை. ஆனால் வந்தது. பெருமையாக இருந்தது. இவள் என் பெண்டாட்டி என்று ஏணி மேல் நிற்கிறவரிடம் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்தே. ராத்திரியே சொல்லியிருப்பேன். நமக்குத்தான் தப்பா இருக்கும்னு நெனச்சேன். நீங்க போட்ட கணக்காச்சே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வழி இருக்குங்க. மொத கல்ல நீலமா வெச்சுட்டாப் போதும். எல்லாம் தலைகீழா மாறிடும். நீலம் எழுநூத்தி எம்பது போதும், வெள்ள எண்ணூத்தி இருபது. வெள்ளதான் எண்ணூத்தி அம்பது இருக்கே. ஒரு கல் வாங்க வேண்டாம்." ஏணிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் தாழ்த்தினாள். "இன்ஜினியர் வந்தா, மூலையில நீலம் இருந்தா அழுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. நீங்க யோசிச்சதாவே இருக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். சற்று முன் எல்லோர் காதிலும் விழும்படி எட்டாவதோடு நின்றவள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள், அவர் மூக்கு உடையாமல் இருக்க வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கணக்கைவிட இதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. அதற்குள் வாசலில் ஹெல்மெட் தெரிந்தது.

"என்ன மேஸ்திரி, இன்னும் ஆரம்பிக்கலையா?" இன்ஜினியரின் பார்வை வாளிக்குப் போயிற்று, மூலைக்குப் போயிற்று, பிறகு நடுத்தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கற்களுக்கு வந்தது. "இது என்ன?"

"ஒரு சின்ன மாத்தம் சார்" என்றார் புலி. "மொத கல்ல நீலமா வெக்கலாம்னு. மூலையில வெள்ள இருந்தா அழுக்கு..." அவ்வளவுதான் வந்தது. மீதி வார்த்தை தயாராகத்தான் இருந்தது, நாக்கு நுனியிலேயே இருந்தது. பக்கத்தில் அவள் தலை குனிந்து, ஒரு கல்லின் விளிம்பிலிருந்து இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமும் இப்படித்தான் பக்கத்தில் குனிந்து நின்றிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. தடியை ஊன்றி எழுந்தார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

"இல்ல சார். அழுக்கெல்லாம் ஒரு சாக்கு. நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். பாதிக்குப் பாதின்னு நெனச்சேன், அது பாதி இல்ல. வரைபடத்துல இருக்கிற மாதிரி வெச்சா நீலம் பத்து கல் குறையும். எனக்குத் தெரியல. மேஸ்திரி கண்டுபிடிச்சாங்க."

"எந்த மேஸ்திரி?"

"இவங்கதான்."

ஏணியில் பெயிண்டர் வாளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். அவள் கையிலிருந்த கல் அப்படியே நின்றது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் புருஷன் வாயிலிருந்து 'இவங்க' என்று வந்து அவள் கேட்டதில்லை. யாரைச் சொல்கிறார் என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள்.

இன்ஜினியர் அவளிடம் காட்டச் சொன்னார். அவளுக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. கற்களையெல்லாம் பழையபடி அடுக்கி, ஒவ்வொரு வெள்ளையாக எடுத்து நீலத்தின் மேல் தள்ளி, ஓரத்தில் மிஞ்சியதை விரலால் தொட்டுக் காட்டினாள். புலி பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இரண்டு தடவை வாய் திறந்து மூடினார். இன்ஜினியர் ஒரு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்த பேப்பரில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஒரு வெள்ளைக் கல்லைத் தானே எடுத்து நீலத்தின் மேல் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நடுவில் வழுக்கை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானும் பாதின்னுதான் ஒத்துக்கிட்டேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு புலியிடம் திரும்பினார். "கல் வெக்கிறது யாரு?"

"இவங்கதான் சார். ஒரு வருஷமா. நான் வெட்டித் தர்றதோட சரி."

"பதிவேட்டுல அப்படி இல்லையே."

"இல்ல சார்."

"ம்" என்றார் இன்ஜினியர். வரைபடம் போட்டவரிடம் கேட்க வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் வாளிப் பேஸ்ட் கல்லாகிவிட்டது. வந்தவர், "நீலத்துல ஆரம்பிங்க" என்றார். "மேல்மாடி..." என்று புலி இழுத்தார். "அதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று இன்ஜினியர் போய்விட்டார். அந்த 'அப்புறம்' நல்ல அப்புறமா, ஜன்னல்காரரை வீட்டுக்கு அனுப்பிய மாதிரியான அப்புறமா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க எந்தப் புலியாலும் முடியாது.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றாள் அவள், அவர் தலை மறைந்ததும். "எட்டு மாச வேலைங்க. கைக்கு வந்தது போச்சுன்னா?"

"போனா போவட்டும்" என்றார். சொன்னபோது தைரியமாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கையாலேயே புது வாளி பேஸ்ட் கலக்கத் தொடங்கினார். பத்து வருஷமாகத் தொடாத வேலை. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போயிற்று. அவள் எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை பவுடர் போடுங்க" என்றாள். போட்டார்.

ஐந்து நாள் வேலை நடந்தது. வெட்டு எதுவும் இல்லாததால் மெஷினுக்கு வேலை இல்லை, புலிக்கும் பேஸ்ட் கலந்த நேரம் போக வேலை இல்லை. அதனால் அறைக்குள் யார் வந்தாலும் பிடித்து நிறுத்திக் கதை சொன்னார். பைப் வேலைக்கு வந்தவர், கதவு இழைக்க வந்தவர், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று யாரும் தப்பவில்லை. "ஒவ்வொரு முழங்கைக்கும் ரெண்டு கல் கூடும்யா. சேத்துப் பாத்தா எப்பவும் சதுரம். எங்க வேணா நிறுத்திக்க, சதுரம். எங்க வீட்டுல கண்டுபிடிச்சது." தொண்ணூற்றாறு அந்த ஐந்து நாளும் ஒரு தடவைகூடப் பேச்சில் வரவில்லை. பெயிண்டர்தான் பொறுக்க மாட்டாமல், "யோவ் புலி, அந்தம்மா கண்டுபிடிச்சாங்க சரி, நீ ஏன்யா என் உயிர எடுக்கற?" என்றார். புலிக்கு அதுவும் பாராட்டாகவே கேட்டது. அவள் மட்டும் தலை நிமிரவில்லை. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ஒரு முழங்கை முடிந்ததும் எழுந்து பின்னால் தள்ளி நின்று பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு களை வரும். பிறந்த வீட்டுக்குப் போகும்போதுகூட அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

சில சமயம், அவள் திரும்புகிற நேரமாகப் பார்த்து ஒரு கேள்வி போடுவார். "இருபத்தஞ்சு முழங்கை முடிஞ்சுதா? இப்ப எத்தன கல்லு?"

"அறுநூத்தி இருபத்தஞ்சு. பேஸ்ட் எங்க?"

ஐந்தாம் நாள் மதியம் கடைசி முழங்கை. எழுபத்தொன்பது வெள்ளைக் கல், வாசலை ஒட்டி வந்து மடங்கியது. கடைசிக் கல்லை வைத்துத் தட்டிவிட்டு அவள் வாசற்படிக்கு வெளியே வந்து நின்றாள். உள்மூலையில் இருந்த ஒற்றை நீலத்திலிருந்து கிளம்பி, தரை முழுக்க விரிந்து விரிந்து அவர்கள் கால்வரை வந்திருந்தது. புலி மிச்சக் கல்லை எண்ணினார். நீலம் இருபத்தெட்டு, வெள்ளை இருபத்தொன்பது. மூன்று கல்தான் உடைந்திருந்தது. இரண்டாம் தடவையும் எண்ணினார். அவள் சிரித்தாள். ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு. "சரியாத்தான் இருக்கு, விடுங்க" என்றாள். அவர் ஏதோ சொல்ல நினைத்தார். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையால் இப்படி ஒரு தரை விழவில்லை என்று சொல்லலாம். அதுதான் உண்மையும்கூட. அதற்குப் பதிலாக, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மாடிப்படி மேலிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது. எப்போது வந்தார், எப்போது மேலே போனார் என்றே தெரியவில்லை. "மேஸ்திரி! கொஞ்சம் மேல வாங்க. டேப் எடுத்துட்டு வாங்க."

பழக்க தோஷம், புலியின் கை தடிக்குப் போயிற்று. உடம்பு ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தேவிட்டது. அப்படியே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கூப்பிடறார் பாருங்க" என்றாள்.

"ஒன்னத்தான்."

அவள் பாட்டிலை மூட மறந்து நின்றாள். "என்னையா? வேற ஆளுக்கு அளவு எடுத்துக் குடுக்கச் சொல்லவா, என்னவோ தெரியலையே. நீங்களும் வாங்க."

"என்னால படி ஏற முடியாது. போ. போய்ப் பாரு." மெஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டு, படி ஏறினாள். வெளி வராந்தாவுக்கு வேலை மாறியிருந்த பெயிண்டர் ஏணியில் இருந்தபடியே என்ன விஷயம் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். புலி உதட்டின் மேல் விரலை வைத்துச் சும்மா இருக்கச் சொன்னார். ஆளில்லாத மேல்மாடியில் இன்ஜினியர் ஏதோ கேட்பதும், அவள் ஏதோ சொல்வதும் மங்கலாகக் கேட்டது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. பிறகு பேச்சு நின்றது. டேப்பின் இரும்பு நாக்கு தரையில் உரசி ஓடும் சத்தம் கேட்டது. அதன் கூடவே அவளுடைய செருப்புச் சத்தம், அவர் தலைக்கு நேர் மேலே, அவசரமில்லாமல், ஒரு சுவர் நெடுகப் போய், மூலையில் நின்று, திரும்பி, அடுத்த சுவர் நெடுகப் போயிற்று.